தர்சி போன் எடுக்காத வாரம்

டெக்சாஸில், பேர்லேண்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் மெழுகுவத்திகளுக்கென்று ஒரு வரிசை உண்டு. உயரமான கண்ணாடிக் குவளைகள், மேலே மாதாவும் புனிதர்களும். மெக்சிகோக்காரர்கள் வாங்கிப் போவார்கள். பீன்ஸ் டப்பாவுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறைச்சிப் பக்கமாகச் சுற்றிப் போவேன். சுத்த சைவமான நான் இறைச்சிப் பக்கமாகப் போவது என் மகளுக்கு வேடிக்கை.

"அம்மா, யூ ஆல்வேஸ் டூ திஸ். வாட்ஸ் இன் தட் ஐல்?"

போன சனிக்கிழமை யாரோ அங்கே ஒரு குவளையைக் கீழே போட்டு உடைத்திருந்தார்கள். சுற்றிப் போயும் மெழுகு வாசனை வந்துவிட்டது. அரிசி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். மகளிடம் தலைவலி என்றேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. கடலை ஒரே ஒரு தடவை, அதுவும் காலேஜ் டூரில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவள். எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம், லிஃப்ட் கதவு மூடினால் பயம், ஆங்கிலத்தில் யாராவது வேகமாகப் பேசினால் பயம். இப்படிப்பட்டவள் தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா வந்து, நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் ஒரு வீட்டின் மாடி அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அம்மா. ஆஸ்பத்திரி லேபில் வேலை. மங்கை ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். கணவர் இல்லை. ஒரே மகள் தர்சினி, உள்ளூர்க் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

தர்சிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. வந்த முதல் மாதத்திலேயே சிநேகிதியாகிவிட்டாள். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"அக்கா, இட்ஸ் கிரீன்! ஏன் பிரேக்கை மிதிக்கிறீங்கள்?"

"பின்னாடி லாரி வருதுடி."

"அது பின்னால தானே வருது. லெட் இட் கம்!"

இந்த இரண்டு வார்த்தைகள்தான் அவள். வருவது வரட்டும். அம்மாவோ நேர் எதிர். மகள் பல் விளக்கப் போனால்கூட எங்கே போகிறாள் என்று கேட்பார். அதற்குக் காரணம் இருந்தது. சண்டை வலுத்த காலத்தில் அவர்கள் மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரத்துக்குத் தப்பி வந்தவர்கள். முதல் படகில் ஆன்ட்டியையும் ஆறு வயதுத் தர்சியையும் ஏற்றிவிட்டு, இடமில்லை என்று அடுத்த படகுக்காகக் கரையில் நின்றார் கணவர். அந்தப் படகு வந்து சேரவேயில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. இதை ஆன்ட்டி எனக்குச் சொன்னது ஒரே தடவை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஏதோ அடுத்த வீட்டுக் கதைபோல. ஒரு மணி நேரம் ஓட்டினால் நியூ ஜெர்சியில் கடற்கரை வந்துவிடும். கோடையில் ஊரே போகும். அந்த வீட்டிலிருந்து யாரும் போனதில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் தர்சி ஒருநாள் சாப்பிடும்போது, ஸ்பானிஷ் படிக்க ஒரு செமஸ்டர் ஸ்பெயினுக்குப் போகிறேன் என்றாள். எந்த ஊர் என்று ஆன்ட்டி கேட்டார். கடற்கரை ஊர். ஆன்ட்டி கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு எப்படியோ இறங்கி வந்தார். ஏர்போர்ட்டில் அவர் மகளுக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"கடலைப் பாக்கிறதெண்டால் பார். காலை மட்டும் வைக்காதை."

"ஓம் அம்மா. ப்ராமிஸ்."

ஜனவரியில் போனாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். ஆன்ட்டி பேசி முடித்ததும் நான் பேசுவேன். "அக்கா, ஈஸ்டர் லீவுக்கு வாங்கோ, ப்ளீஸ்! இங்க ஆரஞ்சு ரோட்டிலேயே மரத்தில தொங்குது" என்றாள். மேல் மாடியில் டெக்சாஸ் பையன் ஒருத்தன் இருக்கிறான், பெயர் பென், அவனுக்கு ரசம் வைத்துக் கொடுத்தேன், அழுதுகொண்டே குடித்தான் என்பாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாகத் துணிந்து விசாவும் டிக்கெட்டும் எடுத்தேன். ஆபீசில் எல்லாரிடமும், கேட்காதவர்களிடமும்கூட, ஐரோப்பா போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை.

திங்கட்கிழமை ஆன்ட்டி போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அங்கே அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரப் பாட்டியும் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி ஏது? கையில் போன் கிடையாது. ஈமெயில் உண்டு, அதுவும் காலேஜ் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தால்தான். இங்கே அவள் காலேஜில் விசாரித்தோம். ஈஸ்டர் வாரம், ஸ்பெயினில் ஆபீஸ் மூடியிருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்.

ஆன்ட்டி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சமையலறையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதுசு எடுக்க நாளாகும். என் டிக்கெட் புதன்கிழமைக்கு.

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க ஆன்ட்டி. ஊர் சுத்தப் போயிருப்பா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, நான் ஒருக்கா கரையிலை இப்பிடித்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். எல்லாரும் ஒண்டும் நடந்திருக்காது எண்டுதான் சொன்னவை."

நான் மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். பெட்டியில் அவர் முந்தைய வாரமே வறுத்துத் திரித்து வைத்திருந்த மிளகாய்த் தூளும் புட்டு மாவும் இருந்தன. பெட்டியைத் தூக்கும்போது அவை கனத்தன.

விமானத்தில் ஒரு வாய் சாப்பிடவில்லை. மாட்ரிட்டில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி ஏதோ கேட்டார், புரியவில்லை, "ஃப்ரெண்ட், ஃப்ரெண்ட்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ரயில், பிறகு பஸ். பஸ் ஜன்னலில் ஆலிவ் மரங்கள் வந்தன, மலை வந்தது, பிறகு திடீரென்று வலது பக்கம் முழுக்கத் தண்ணீர். பஸ்ஸில் இருந்த குழந்தைகள் சந்தோஷமாகக் கத்தின. நான் இடது பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் நிலையத்தில் வந்து நிற்பதாகத் தர்சி முன்பே சொல்லியிருந்தாள். எல்லாரையும் கட்டிப்பிடிக்க யாரோ வந்திருந்தார்கள். கூட்டம் கரைந்து, டிரைவரும் போய், கடைசியில் நானும் என் பெட்டியும் மட்டும் நின்றோம். வரவில்லை. நம்பிக்கொண்டு வந்தது அதைத்தான். அங்கே நின்று கையசைப்பாள், நானும் நன்றாகத் திட்டிவிட்டு ஆன்ட்டிக்குப் போன் செய்துவிடலாம் என்று.

விலாசத்தை ஒரு டாக்சிக்காரரிடம் காட்டினேன். தலையை ஆட்டினார், தெருவைக் காட்டினார், கை இரண்டையும் குறுக்கே வைத்தார். வண்டி போகாது என்று புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். மத்தியான வெயில். ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஜன்னல் எல்லாம் அடைத்துக் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் பந்த். யாரோ பெரிய தலைவர் செத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன். மத்தியானம் அந்த ஊரில் எல்லாரும் கடையை மூடிவிட்டுத் தூங்குவார்கள் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முனை திரும்பினேன். தெரு நிறைய ஆட்கள். எல்லாருக்கும் கால்வரை ஊதா அங்கி, தலையில் கூம்பாக உயர்ந்த துணி முகத்தை முழுக்க மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. கையில் ஆளுயர மெழுகுவத்தி. ஒருவரும் பேசவில்லை. அமெரிக்க டிவியில் இதுபோல வெள்ளை முகமூடி போட்டவர்கள் கறுப்பர்களைக் கொன்ற பழைய படங்களைப் பார்த்திருக்கிறேன். என் நிறத்துக்கு இன்றைக்கு இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரு முகமூடி என் பெட்டியைப் பார்த்தது, மற்றவர்களைக் கையால் ஒதுக்கி எனக்கு வழிவிட்டது. அது ஈஸ்டருக்கு முந்தைய ஊர்வலம், பாவத்துக்கு வருந்துகிறவர்கள் அப்படி முகத்தை மறைத்துக்கொண்டு நடப்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் மெழுகு வாசனை. தெருக் கல்லெல்லாம் மெழுகு சொட்டி வழுக்கியது. நான் ஓடினேன்.

வீட்டைக் கண்டுபிடித்து மணியை அழுத்தினேன். உள்ளே மணி அடிப்பது வெளியே கேட்டது. திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். "தர்சி! அடியே தர்சி!" என்று பொள்ளாச்சிச் சந்தையில் கூப்பிடுவதுபோலக் கத்தினேன்.

எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. வயதான அம்மா ஒருவர். என் முகத்தையும் நிறத்தையும் பார்த்தவர், கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்னவோ சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். கடற்கரைக்கு அவர்கள் சொல்லும் சொல், ப்ளாயா. தர்சி போனில் அடிக்கடி சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கடல் பக்கம் கையைக் காட்டினார். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெட்டியை அந்த வாசலிலேயே விட்டுவிட்டேன்.

கடற்கரை பக்கத்துத் தெருவின் முடிவில்தான். எப்படிப் போனேன் என்று கேட்டால் தெரியாது. போகும்போது ஆன்ட்டியிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனதுமட்டும் தெரியும். அந்த நேரத்திலும் மனசு வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தது. இடுப்புயரத்துக்கு ஒரு கல் சுவர், அதற்கு அப்பால் மணல், அப்பால் கடல். சுவர்மேல் தூரத்தில் ஒரு குவியல் தெரிந்தது. பூக்கள். சிவப்புக் குப்பிகளில் மெழுகுவத்திகள், சில எரிந்துகொண்டு, சில காற்றில் அணைந்து. நடுவில் ஒரு சட்டம் போட்ட படம். வெயில் அதன் கண்ணாடியில் அடித்து, படம் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிந்தது.

நின்றுவிட்டேன். இன்னும் பத்தடி வைத்தால் தெரிந்துவிடும். வைக்கவில்லை. தெரியாதவரை அவள் இருக்கிறாள் என்று தோன்றியது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஒரு நாய் வந்து பூவை முகர்ந்தது. அதை விரட்டத்தான் கிட்டே போனேன்.

படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன். மணல் நிறத் தலைமுடி, பெரிய சிரிப்பு.

எனக்கு உயிர் வந்தது. கடவுளே நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பது உறைத்தது.

"அக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கம், மணலில் இறங்கும் படியில் உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. தலை சீவிப் பல நாள் இருக்கும்.

"இண்டைக்கு வியாழனா? நான் புதன் எண்டு நினைச்சன். சாரி அக்கா. பஸ்ஸுக்கு வந்திருப்பன்."

அறைந்துவிடலாம் என்று வந்த கை அவளைக் கட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுது முடித்ததும் அவளே சொன்னாள், பாதி ஆங்கிலத்தில், கடலைப் பார்த்துக்கொண்டே.

படத்தில் இருந்தவன் பென். ரசம் குடித்த பையன். போன சனிக்கிழமை நாலைந்து பேராகக் கடற்கரைக்கு வந்திருக்கிறார்கள். எல்லாரும் தண்ணீரில். இவள் மட்டும் கரையில். முழங்கால்வரை வா, கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று பென் கூப்பிட்டிருக்கிறான். முழங்கால்வரைதான் போயிருக்கிறாள். ஒரு அலை திரும்பிப் போகும்போது காலடி மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அடுத்த நிமிஷம் தரை இல்லை.

"ஹி டிடன்ட் லெட் கோ அக்கா. என்னைப் பிடிச்சுக் கரைப்பக்கம் தள்ளினவன். ரெண்டு மீன்காரர் கயிறோட வந்து என்னை எடுத்தவை. திரும்பிப் பாத்தா அவன் தூரத்தில. கையைத் தூக்கினான். நான் அவன் பை சொல்றான் எண்டு நினைச்சன்."

மறுநாள் காலையில்தான் கிடைத்தானாம். அவன் அப்பா வந்து எடுத்துப் போயிருக்கிறார். வீட்டுக்காரப் பாட்டி ஈஸ்டருக்குத் தன் ஊருக்குப் போயிருந்தார். இவள் பகலெல்லாம் இங்கே வந்து அணைந்த மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"போன் அடிச்சது கேக்கலையா?"

"கேட்டது. அம்மா எண்டு தெரியும். என்ர வாய்ஸைக் கேட்டாலே அவக்குத் தெரிஞ்சிடும் அக்கா." எழுந்து சுவர்மேல் அணைந்திருந்த ஒரு மெழுகுவத்தியை ஏற்றினாள். "எனக்கு அப்பான்ர முகம் ஞாபகம் இல்லை. இப்ப கண்ணை மூடினா தண்ணிக்குள்ள ரெண்டு பேர் தெரியினம். ரெண்டு பேருக்கும் பென்ர முகம்."

அம்மாவிடம் சொல்லாதீங்கள் என்று கெஞ்சினாள். தொண்டை கட்டிவிட்டது, காய்ச்சல், அதனால் பேச முடியவில்லை என்று சொல்லச் சொன்னாள். சரி என்றேன். சுவர் ஓரமாகவே ஒரு போன் கூண்டு இருந்தது. கையிலிருந்த போன் அட்டையைப் போட்டு எண்ணை அழுத்தினேன். முதல் மணி முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"ஆன்ட்டி, நான்தானுங்க. தர்சி நல்லா இருக்கா. பக்கத்துலயே நிக்கிறா. தொண்டை கட்டிடுச்சுங்க, அதான்..."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. என் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அது அங்கேயும் கேட்டிருக்க வேண்டும்.

"பிள்ளை," என்றார் ஆன்ட்டி, மெதுவாக. "அவள் தண்ணிக்கை இறங்கினவளோ?"

ரிசீவரைத் தர்சியிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முதலில் முனகினாள். பிறகு கொட்டினாள். ஆறு வயதில் ஊரில் பேசிய தமிழில், ஒரு ஆங்கில வார்த்தை இல்லாமல். திட்டு விழப்போகிறது, உடனே கிளம்பி வா என்று அலறப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தர்சி "ஓம்... ஓம் அம்மா... தெரியேல்லை" என்றாள். போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகம் ஏதோபோல இருந்தது.

"அம்மா கேக்கிறா, அந்தப் பெடியன்ர தாய்க்குப் பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு."

அதற்குப் பிறகுதான் தர்சி அழுதாள்.

லீவு முடியும்வரை அவளோடு இருந்தேன். புட்டு அவித்தேன், ரசம் வைத்தேன். சாப்பிட ஆரம்பித்தாள். எனக்கு அந்தக் கடல் சத்தம் கடைசிவரை பழகவில்லை. செமஸ்டரை முடித்துவிட்டே வா என்று ஆன்ட்டி சொல்லிவிட்டார். முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அந்தக் கோடையில் மூன்று பேரும் டெக்சாஸ் போனோம். ஆன்ட்டிதான் பிடிவாதமாக இருந்தார். டல்லாஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்து மேற்கே போகவேண்டும். தர்சி அப்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். எனவே ஓட்டியது நான். ஃப்ரீவேயில் என் முதல் நீண்ட ஓட்டம். பயத்தில் வழியெல்லாம் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டே போனேன், அதையும் பாதியில் மறந்து மறந்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ஒரு குட்டையைக்கூடக் காணாத வறண்ட பூமி. இந்த ஊர்ப் பையனா கடலில் போனான் என்று ஆன்ட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பென்னின் அம்மா வாசலில் நின்றிருந்தார். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. தர்சியைப் பார்த்தபோது அவர் முகம் இறுகியது. வந்திருக்கவே கூடாது என்று நினைத்தேன். ஆன்ட்டி முன்னால் போய் அந்தப் பெண்மணியின் இரண்டு கைகளையும் பிடித்தார். லேபில் இரத்தம் எடுக்கும்போது பேசும் அந்த நாலு வரி ஆங்கிலத்தில் சொன்னார்.

"மை ஹஸ்பண்ட், இன் ஸீ. யுவர் சன், இன் ஸீ. மை டாட்டர்..." அதோடு நின்றுவிட்டார். தர்சியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணி தர்சியை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போனார். அவன் கடைசியாகச் சொன்னது என்ன, சிரித்துக்கொண்டிருந்தானா என்று கேட்டார். சிரித்துக்கொண்டிருந்தான் என்றாள் தர்சி. பிறகு அவர் ஆன்ட்டியிடம், உங்கள் கணவரைக் கண்டுபிடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினார் ஆன்ட்டி. அந்த அம்மா எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பென்னுக்குப் புதுக் கல் வைத்திருந்தார்கள். ஆன்ட்டி வழியில் வாங்கிய பூங்கொத்தைக் கல்லின்மேல் வைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு கொத்தை அவிழ்த்து இரண்டாகப் பிரித்தார். ஒன்றைக் கல்லின்மேல் வைத்தார். மற்றதைக் கொஞ்சம் தள்ளி, வெறும் புல்லின்மேல் வைத்தார். பதினைந்து வருஷமாகக் கணவருக்குப் பூ வைக்க அவருக்கு ஒரு இடம் இருந்ததில்லை. பென்னின் அம்மா குனிந்து, புல்லின்மேல் கிடந்த பூக்களைக் காற்று கொண்டுபோகாமல் இருக்க ஒரு சின்னக் கல்லை எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு முடிந்த வருஷமெல்லாம் ஆன்ட்டி அங்கே போய்வந்தார். ஆன்ட்டி இறந்த பிறகும் பென்னின் அம்மா இரண்டு இடத்திலும் பூ வைத்துக்கொண்டிருந்ததாகத் தர்சி சொல்வாள். தர்சி இப்போது கலிஃபோர்னியாவில், ஆஸ்பத்திரியில் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். அவளும் நானும் பேசுவது பிறந்தநாளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. பார்சிப்பனி வீட்டை விற்றாயிற்று.

இரண்டு வருஷம் முன்னால் வேறு வேலையாகப் பென்னின் ஊர்ப் பக்கம் போனபோது கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். பென்னுக்குப் பக்கத்தில் அவன் அம்மாவுக்கும் ஒரு கல் வந்திருந்தது. இரண்டு கற்களின்மேலும் யாரோ பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோன பூவில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் புல், ஒரே உயரத்துக்கு வெட்டியிருந்தார்கள். ஆன்ட்டி பூ வைத்த இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.